மேச்சேரிச் செம்மறிக் கிடாவின் விந்தணு உற்பத்தி

மேச்சேரிச் செம்மறிக் கிடாவின் விந்தணு உற்பத்தி என்பது, தமிழ்நாட்டின் சேலம், நாமக்கல் சமவெளிகளிலும் அவற்றை ஒட்டிய பகுதிகளிலும் வளர்க்கப்படும் மேச்சேரி இனக் கிடாவின் விரைகளில் விந்தணுக்கள் உருவாகி, முதிர்ந்து, சேமிக்கப்படும் செயற்பாட்டைக் குறிக்கும். இவ்வுற்பத்தியின் அளவும் தரமும் ஆண்டு முழுவதும் ஒரே சீராக இருப்பதில்லை. இனம், வயது, பகற்பொழுதின் நீளம், வெப்பம், தீவனம், நோய் ஆகியன அவற்றை மாற்றுகின்றன. குளிர் நாடுகளில் பகற்பொழுதின் நீளமே முதன்மைக் காரணியாகும். சேலம், நாமக்கல் பகுதியில் கோடை வெப்பமும் தீவனப் பற்றாக்குறையும் அவ்விடத்தைப் பெறுகின்றன.

ஒரு விந்தணு உருவாகி வெளியேற ஏறத்தாழ இரண்டு மாதங்கள் ஆகின்றன. எனவே ஒரு கிடாவின் இன்றைய கருவுறச்செய்யும் திறன், அதன் இன்றைய உடல்நிலையை மட்டுமன்றி, இரண்டு மாதங்களுக்கு முன்னர் தொடங்கிய நிலைமைகளையும் பொறுத்தது. பொதுவாக 25 முதல் 30 பெட்டையாடுகளுக்கு ஒரு கிடா என்ற விகிதத்தில் மந்தை அமைக்கப்படுகின்றது. ஒரு பெட்டையாடு சினையாகாவிடில் அவ்வாண்டில் ஓர் ஈற்று குறையும். கிடாவின் விந்து தரம் குன்றியிருந்தால் மந்தை முழுவதின் ஈற்றும் குறையும் அல்லது காலந்தாழும்.

இனமும் நிலமும்

மேச்சேரி இனம், சேலம் மாவட்டத்தில் மேட்டூரை அடுத்துள்ள மேச்சேரி என்னும் ஊரின் பெயரால் வழங்கப்படுகின்றது. இது மயிலம்பாடி என்றும் அழைக்கப்படும். சேலம், நாமக்கல், ஈரோடு, கரூர், தருமபுரி மாவட்டங்களில் இவ்வினம் காணப்படுகின்றது. நாமக்கல் 1997 வரை சேலம் மாவட்டத்தின் பகுதியாக இருந்தது.

மேச்சேரி ஆடுகள் நடுத்தர உடலமைப்பும் இளம்பழுப்பு நிறமும் கொண்டவை. உடலில் கம்பளி இல்லை. குட்டையான முடியே மூடியிருக்கும். கிடா, பெட்டை இரண்டிற்கும் கொம்பு இல்லை. வளர்ந்த கிடா 35 கிலோ கிராம் அளவில் எடை கொண்டது. இறைச்சிக்காகவும் உயர்ந்த தரமுள்ள தோலுக்காகவும் இவை வளர்க்கப்படுகின்றன.

மேச்சேரிக்கு அருகிலுள்ள பொட்டனேரியில் மேச்சேரிச் செம்மறியாட்டு ஆராய்ச்சி நிலையம் இயங்குகின்றது. இது 1989 இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. 1985 இல் தொடங்கப்பட்ட நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி மற்றும் ஆராய்ச்சி நிலையமும் இப்பல்கலைக்கழகத்தின் கீழ் உள்ளது.

விந்தணு உருவாகும் முறை

விந்தணுக்கள் விரையினுள் இருக்கும் நுண்குழல்களின் சுவரில் உருவாகின்றன. மூல உயிரணுக்கள் பலமுறை பிரிந்து, இறுதியில் தலை, நடுப்பகுதி, வால் ஆகியவற்றைக் கொண்ட விந்தணுக்களாக மாறுகின்றன. செம்மறிக் கிடாவில் இதன் கால அளவு பின்வருமாறு:

- மூல உயிரணு பிரியத் தொடங்கியதிலிருந்து விந்தணு நுண்குழலை விட்டு வெளியேறும் வரை: ஏறத்தாழ 49 நாட்கள்.
- எபிடிடிமிஸ் எனப்படும் சுருள்குழலைக் கடந்து, நீந்தும் திறனும் கருவுறச்செய்யும் திறனும் பெறும் வரை: ஏறத்தாழ 10 முதல் 14 நாட்கள்.
- மொத்தம்: ஏறத்தாழ 60 நாட்கள்.

இக்கால அளவை நல்ல தீவனத்தாலோ மருந்தாலோ குறைக்க இயலாது. மாறக்கூடியது உற்பத்தியாகும் விந்தணுக்களின் எண்ணிக்கையும் அவற்றின் தரமுமே ஆகும்.

விரைத் திசுவின் ஒவ்வொரு கிராமும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 2 கோடி விந்தணுக்களை உற்பத்தி செய்கின்றது. இதன்படி, இரு விரைகளிலும் சேர்த்து 200 கிராம் திசு உள்ள கிடா ஒரு நாளில் ஏறத்தாழ 400 கோடி விந்தணுக்களை உருவாக்கும். விரையின் பருமன் கிடாவின் தரத்தை மதிப்பிடும் அளவுகோலாகக் கொள்ளப்படுவதற்கு இதுவே காரணம். ஒரு முறை வெளியேறும் விந்தின் அளவு பொதுவாக 0.5 முதல் 2 மில்லி லிட்டர் வரை இருக்கும். ஒரு மில்லி லிட்டரில் 200 கோடி முதல் 400 கோடி வரையும், சில கிடாக்களில் அதற்கு மேலும் விந்தணுக்கள் காணப்படும்.

முதிர்ந்த விந்தணுக்கள் எபிடிடிமிஸின் வால்பகுதியில் சேமிக்கப்படுகின்றன. பல நாள் உற்பத்திக்கு இணையான இருப்பு அங்கே உண்டு. ஒரே நாளில் பல பெட்டைகளுடன் இணையும் கிடாவில் இவ்விருப்பு குறைந்து, விந்தின் செறிவும் குறைகின்றது.

விரைப்பையின் வெப்பச் சீராக்கம்

செம்மறியாட்டின் உடல் வெப்பநிலை ஏறத்தாழ 39 பாகை செல்சியஸ் ஆகும். விந்தணு சீராக உருவாக, விரைகள் இதைவிட 4 முதல் 6 பாகை குறைவான வெப்பநிலையில் இருத்தல் வேண்டும். விரைப்பை உடலுக்கு வெளியே தொங்குவது இதன் பொருட்டே ஆகும். இவ்வெப்பநிலை பின்வரும் வழிகளில் பேணப்படுகின்றது:

- விரைக்குச் செல்லும் தமனியைச் சுற்றி நரம்புக்கொடி போலச் சிரைகள் பின்னியிருக்கும். விரையிலிருந்து திரும்பும் குளிர்ந்த குருதி, உள்ளே செல்லும் சூடான குருதியைக் குளிர்விக்கின்றது.
- வெப்பத்தில் விரைப்பையின் தசைகள் தளர்ந்து விரைகள் கீழே இறங்கும். குளிரில் சுருங்கி மேலே ஏறும்.
- விரைப்பையின் தோலில் வியர்வைச் சுரப்பிகள் உள்ளன.
- விரைப்பையின் தோல் சூடாகும்போது கிடா வேகமாக மூச்சிரைக்கத் தொடங்குகின்றது. விரைப்பையை மட்டும் சூடாக்கினாலே இவ்விரைப்பு ஏற்படுவதை 1962 இல் வெளிவந்த ஜி. எம். எச். வெயிட்ஸின் ஆய்வு காட்டியது.

சுற்றுப்புற வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்து, நிழலும் குடிநீரும் இல்லாதபோது இவ்வழிகள் போதாமற் போகின்றன. விரையின் வெப்பநிலை உயர்ந்தால், பிரிந்துகொண்டிருக்கும் இளம் உயிரணுக்களே முதலில் பாதிக்கப்படுகின்றன. ஏற்கனவே எபிடிடிமிஸில் சேர்ந்துள்ள விந்தணுக்கள் ஓரளவு தப்புவதால், கடும் வெப்பம் தாக்கிய மறுநாளே விந்தில் பெரிய மாற்றம் தெரிவதில்லை. பொதுவாக இரண்டு முதல் நான்கு வாரங்களுக்குப் பின்னரே அசைவு குறைந்த விந்தணுக்களும், தலையற்ற அல்லது வால் சுருண்ட விந்தணுக்களும் மிகுகின்றன. வெப்பம் நீங்கியபின் விந்து முன்னிலைக்குத் திரும்ப ஆறு முதல் எட்டு வாரங்கள் தேவைப்படும்.

பாலுணர்ச்சியைத் தூண்டும் டெஸ்டோஸ்டிரோன் இயக்குநீரைச் சுரக்கும் உயிரணுக்கள், விந்தணுவாகும் உயிரணுக்களைவிட வெப்பத்தை அதிகம் தாங்குவன. ஆதலால் விந்து கெட்ட கிடாவும் பெட்டைகளைத் தேடிச் சென்று இணையக்கூடும். கிடா இணைகின்றது என்பது அது சினைப்படுத்தும் என்பதற்குச் சான்றாகாது.

பகற்பொழுதும் பருவகாலமும்

இருள் நேரத்தில் கூம்புச் சுரப்பி மெலடோனின் என்னும் இயக்குநீரைச் சுரக்கின்றது. இரவு நீளும்போது இச்சுரப்பு நீடிக்கின்றது. மூளை இதனைப் பருவ அறிகுறியாகக் கொண்டு விரைகளைத் தூண்டும் இயக்குநீர்களைக் கூட்டவோ குறைக்கவோ செய்கின்றது. செம்மறியாடு, பகற்பொழுது குறையும் காலத்தில் இனப்பெருக்கம் செய்யும் விலங்காகும்.

ஸ்காட்லாந்தின் செயின்ட் கில்டா தீவுகளைச் சேர்ந்த சோய் இனக் கிடாவில் இம்மாற்றம் மிகத் தெளிவாகக் காணப்படுகின்றது. வசந்த காலத்தில் அதன் விரைகள் சுருங்கி, கோடையின் பிற்பகுதியில் மீண்டும் வளர்ந்து, இலையுதிர் காலத்தில் முழுப் பருமனை அடைகின்றன.

சேலம் ஏறத்தாழ 11.6 பாகை வட அகலாங்கில் அமைந்துள்ளது. இங்கு ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ 1 மணி 20 நிமிடம் மட்டுமே. இலண்டனில் இது 8 மணி நேரத்திற்கும் மேலாகும். எனவே மேச்சேரி போன்ற வெப்பமண்டல இனங்கள் ஆண்டு முழுவதும் விந்தணுக்களை உற்பத்தி செய்கின்றன. அவற்றில் காணப்படும் ஏற்ற இறக்கம் பெரும்பாலும் மழை, மேய்ச்சல், வெப்பம் ஆகியவற்றைப் பின்பற்றியே அமைகின்றது.

இனங்களுக்கிடையேயான வேறுபாடுகள்

கிடாக்களின் விந்தணு உற்பத்தி இனத்துக்கு இனம் பின்வரும் வகைகளில் வேறுபடுகின்றது:

- பருவகாலச் சார்பு: சோய், சஃபோக் போன்ற குளிர்நாட்டு இனங்களில் மிகுதி. ஸ்பெயினில் தோன்றிய மெரினோவில் குறைவு. வெப்பமண்டல இனங்களில் மிகக் குறைவு.
- விரையின் பருமன்: உடல் எடையோடு ஒப்பிடுகையில் பின்லாந்து நாட்டினம் போன்ற பல குட்டிகள் ஈனும் இனங்களில் விரைகள் பெரியவை. பொதுவாக உடல் பெரிய இனங்களில் விரைகளும் பெரியனவாக இருக்கும்.
- உடற்போர்வை: கம்பளி இனங்களில் விரைப்பை மீது கம்பளி அடர்ந்திருந்தால் வெப்பம் வெளியேறுவது தடைப்படும். தோல் மடிப்பு மிகுந்த மெரினோ கிடாக்கள் வெப்பத்தால் எளிதில் தரம் குன்றுவது ஆஸ்திரேலியாவில் அறியப்பட்டுள்ளது. மேச்சேரியில் கம்பளியோ இத்தகைய மடிப்புகளோ இல்லை.

சேலம் பகுதியில் மேச்சேரியுடன் திருச்சி கருப்பு இனமும் சில இடங்களில் வளர்க்கப்படுகின்றது. இது மேச்சேரியைவிடச் சிறியது. உடலில் முரட்டுக் கம்பளி கொண்டது. கிடாவுக்குக் கொம்பு உண்டு. இரு இனக் கிடாக்களின் விரைப்பைச் சுற்றளவை நேரடியாக ஒப்பிட்டு ஒன்றை உயர்ந்தது என்று கொள்வது பொருந்தாது. ஒரே இனத்தில், ஒரே வயதில், ஒரே தீவனத்தில் வளர்ந்த கிடாக்களிடையே ஒப்பிடுவதே பயனுள்ளது.

குளிர்நாட்டு இனங்களின் கலப்பு தமிழ்நாட்டின் சமவெளியைக் காட்டிலும் மலைப்பகுதிக்கே பொருந்தியது. நீலகிரி மாவட்டத்தின் சாண்டிநல்லாவிலுள்ள செம்மறியாட்டு இனவிருத்தி ஆராய்ச்சி நிலையத்தில் மெரினோ, ராம்பூலே இனங்களை நீலகிரி இனத்துடன் கலந்து சாண்டினோ என்னும் கலப்பினம் உருவாக்கப்பட்டது.

கோடையும் ஆனி, ஆடிச் சேர்க்கையும்

ஆனி, ஆடி மாதங்களில் கிடா சேர்க்கும் மந்தைகளில் பெட்டைகள் கார்த்திகை, மார்கழியில் ஈனும். செம்மறியாட்டின் சினைக்காலம் ஏறத்தாழ 147 முதல் 150 நாட்கள் ஆகும். ஈனும் காலத்தில் வடகிழக்குப் பருவமழையால் புல் வளர்ந்திருக்கும். தாய்க்குப் பால் கிடைக்கும். பெட்டைக்கும் குட்டிக்கும் இக்காலம் ஏற்றது.

ஆயினும் கிடாவின் பக்கத்திலிருந்து நோக்கினால் இதில் ஓர் இடர் உண்டு. ஆனி நடுவில் வெளியேறும் விந்தணு, சித்திரையின் பிற்பகுதியில் உருவாகத் தொடங்கியதாகும். அக்கினி நட்சத்திரக் காலம் முழுவதும் அது விரையினுள் வளர்ந்துகொண்டிருக்கும். மேய்ச்சல் நிலம் காய்ந்து, ஆடுகள் தீவனம் தேடி நெடுந்தொலைவு வெயிலில் நடப்பதும் இக்காலத்திலேயே ஆகும். 2024 ஏப்ரல் இறுதியில் சேலம், ஈரோடு, கரூர் பரமத்தி ஆகிய இடங்களில் வெப்பநிலை 40 பாகை செல்சியஸைக் கடந்தது.

வெயிலில் பழகிய மேச்சேரிக் கிடா, கம்பளி இனக் கிடாக்களைவிட வெப்பத்தைத் தாங்க வல்லது. அதனால் கோடையின் தாக்கம் முழு மலட்டுத்தன்மையாக வெளிப்படுவது அரிது. பெட்டைகள் முதற் சேர்க்கையில் சினைப்பிடிக்காமல் மீண்டும் பருவத்திற்கு வருதல், ஈற்றுக்காலம் நீளுதல், குட்டிகள் வெவ்வேறு வயதினவாக அமைதல் ஆகியவை அதன் வழக்கமான அடையாளங்கள். விற்பனையின்போது ஒரே அளவுக் குட்டிகள் இல்லாமற் போவதால் வளர்ப்பவருக்கு இழப்பு நேர்கின்றது.

இதனைக் குறைக்கப் பின்வருவன மேற்கொள்ளப்படுகின்றன:

- பங்குனி இறுதியிலிருந்தே கிடாவைத் தனியாகப் பேணுதல்.
- காலையும் மாலையும் மட்டும் மேய்த்து, உச்சிவேளையில் வேம்பு, புளி, வேல மரங்களின் நிழலிலோ தென்னங்கீற்றுக் கொட்டகையிலோ அடைத்தல்.
- குளிர்ந்த குடிநீர் எப்போதும் கிடைக்கச் செய்தல்.
- கோடை கடுமையாக இருந்த ஆண்டில் கிடா சேர்ப்பதை ஆடியின் பிற்பகுதிக்குத் தள்ளுதல்.
- பெரிய மந்தையில் ஒரே கிடாவை நம்பாமல் இரு கிடாக்களை முறைவைத்து விடுதல்.

தீவனத்தின் பங்கு

விரையின் பருமன் தீவனத்திற்கு ஏற்ப மாறக்கூடியது. ஆஸ்திரேலியாவில் மெரினோ கிடாக்களுக்குப் புரதம் மிகுந்த லூப்பின் பருப்பைச் சில வாரங்கள் ஊட்டியபோது விரைகள் பருத்து, விந்தணு உற்பத்தியும் உயர்ந்தது. விந்தணு உருவாகும் கால அளவைக் கருத்திற்கொண்டு, கிடா சேர்ப்பதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்பிருந்தே கூடுதல் தீவனம் அளித்தல் வேண்டும். சேர்க்கைக்கு முந்தைய வாரத்தில் தொடங்கும் கவனிப்பு கிடாவின் உடல் வலுவுக்கு உதவுமேயன்றி, அவ்வாரத்து விந்தணுக்களின் எண்ணிக்கையைப் பெரிதும் மாற்றாது.

சேலம், நாமக்கல் பகுதியில் கிடைக்கும் தீவனங்களில் நிலக்கடலைக் கொடியும் கடலைப் பிண்ணாக்கும் புரதம் தரக்கூடியவை. காய்ந்த சோளத்தட்டு வயிற்றை நிரப்பும். ஆனால் அதில் புரதம் குறைவு. சவ்வரிசி ஆலைகளிலிருந்து கிடைக்கும் மரவள்ளித் திப்பி மாச்சத்து மிகுந்தது. அதிலும் புரதம் குறைவாதலால் பிண்ணாக்கோ அகத்தி போன்ற மரத்தழையோ சேர்த்துக் கொடுத்தல் வேண்டும்.

பருத்திக்கொட்டையில் கோசிப்பால் என்னும் நச்சுப்பொருள் உள்ளது. அசைபோடும் விலங்குகள் இதனை ஓரளவு தாங்குமெனினும், மிகுதியாக உண்டால் விந்தணு உற்பத்தி கெடும். எனவே சேர்க்கைக்கு விடப்போகும் கிடாவுக்குப் பருத்திக்கொட்டையை முதன்மைத் தீவனமாக அளித்தல் ஏற்றதன்று.

நெடுங்காலம் பச்சைத் தீவனம் கிடைக்காவிடில் உயிர்ச்சத்து ஏ குறைபாடு ஏற்பட்டு விந்தணு உற்பத்தி பாதிக்கப்படும். துத்தநாகம், செலினியம் ஆகிய தாதுக்களும் தேவையானவை. மறுபுறம், அளவுக்கு மீறிக் கொழுத்த கிடாவில் விரைப்பையின் கழுத்துப் பகுதியில் கொழுப்பு படிந்து வெப்பம் வெளியேறுவது தடைப்படும். இத்தகைய கிடா இணைவதிலும் மந்தமாக இருக்கும்.

நோய்களின் தாக்கம்

காய்ச்சலை உண்டாக்கும் எந்த நோயும் விரையின் வெப்பநிலையை உயர்த்தி, பின்வரும் வாரங்களில் விந்தின் தரத்தைக் குறைக்கக்கூடும். தமிழ்நாட்டில் பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் பரவும் நீலநாக்கு நோய், பிழைத்த கிடாக்களில் தற்காலிக மலட்டுத்தன்மையை உண்டாக்குவதுண்டு. ஆட்டம்மையும் இவ்வாறு பாதிக்கக்கூடும். புருசெல்லா நுண்ணுயிர் விரையையும் எபிடிடிமிஸையும் நேரடியாகத் தாக்கி வீங்கச் செய்யலாம். இது மனிதருக்கும் தொற்றக்கூடியது. குளம்பழுகல் நோயால் நொண்டும் கிடாவின் விந்து நன்றாக இருந்தாலும் அதனால் ஏறி இணைய இயலாது.

கிடாவைச் சோதித்தல்

கிடா சேர்ப்பதற்கு முன் கால்நடை மருத்துவரால் பின்வருவன சோதிக்கப்படும்:

- கண், பல், கால், குளம்பு, உடல் நிலை.
- இரு விரைகளும் ஒத்த பருமனுடன், உறுதியாக, தடையின்றி அசையக்கூடியனவாக இருத்தல். மென்மையாகத் தளர்ந்த விரை, உற்பத்தி குறைந்ததன் அறிகுறியாகும்.
- விரைப்பையின் சுற்றளவு. அகன்ற பகுதியில் நாடாவைச் சுற்றி அளக்கப்படும். பெரிய உடலுள்ள குளிர்நாட்டு இனங்களுக்கு வகுக்கப்பட்ட 30, 33 சென்ட்டி மீட்டர் போன்ற வரம்புகளை மேச்சேரிக்கு அப்படியே பொருத்த இயலாது.
- விந்துச் சோதனை. விந்தின் அளவு, நிறம், அசைவு, செறிவு, உயிருள்ள விந்தணுக்களின் விழுக்காடு, உருக்குறைபாடு ஆகியன நுண்நோக்கியால் அறியப்படும்.

நுண்நோக்கி இல்லாத இடத்தில் எளிய முறை ஒன்று உண்டு. காவிமண்ணை எண்ணெயில் குழைத்துக் கிடாவின் நெஞ்சில் பூசிவிட்டால், அது ஏறிய பெட்டையின் பின்புறத்தில் நிறம் ஒட்டும். செம்மறிப் பெட்டையின் பருவச் சுழற்சி ஏறத்தாழ 17 நாட்கள் ஆகும். 17 நாட்களுக்குப் பின் வேறு நிறம் பூசிவிட, முன்பு நிறம் பட்ட பெட்டைகளுள் பல மீண்டும் புதிய நிறம் பெற்றால், அவை சினைப்பிடிக்கவில்லை என்பது தெரியும். ஓரிரு பெட்டைகள் மட்டும் மீண்டால் குறை அப்பெட்டைகளில் இருக்கலாம். பெரும்பாலானவை மீண்டால் கிடாவை மாற்றுதல் வேண்டும். இவ்வாறு மூன்று வாரத்திற்குள் அறியக்கூடிய குறை, கவனிக்கப்படாவிடில் ஐந்து மாதம் கழித்து ஈற்று இல்லாதபோதே வெளிப்படும்.

கிடாத் தெரிவும் இனப் பாதுகாப்பும்

செம்மறிப் பெட்டையின் கருப்பைக் கழுத்து வளைந்து மடிந்திருப்பதாலும், கிடாவின் விந்து உறைநிலைச் சேமிப்பில் எளிதில் தரம் இழப்பதாலும், மாடுகளில் போலச் செயற்கை முறைக் கருவூட்டல் செம்மறியாடுகளில் பரவவில்லை. எனவே மந்தையில் உள்ள கிடாவின் தன்மையே அடுத்த தலைமுறையை முடிவு செய்கின்றது.

விரைவாக வளரும் ஆண் குட்டிகளே சந்தையில் நல்ல விலை பெறுகின்றன. பக்ரீத் பண்டிகைக்கும் ஊர்க் கோயில் திருவிழாக்களுக்கும் தேர்ந்த கிடாக்கள் முதலில் விற்கப்பட்டு, எஞ்சியவை இனவிருத்திக்கு விடப்படும் மந்தைகளில், தலைமுறைதோறும் உடல் வளர்ச்சியும் விரைப் பருமனும் குறைய வாய்ப்புண்டு. ஒரே கிடாவைப் பல ஆண்டுகள் வைத்திருந்தால் அது தன் மகள்களுடனேயே இணைய நேர்ந்து, நெருங்கிய உறவுக் கலப்பால் குட்டிகளின் வலுவும் இனப்பெருக்கத் திறனும் குன்றுகின்றன.

இதனைத் தவிர்க்க, குட்டிகள் விற்பனைக்குச் செல்லும் முன்னரே தாயின் ஈற்று வரலாறு, வளர்ச்சி வேகம், விரைகளின் பருமன் ஆகியவற்றைப் பார்த்து ஓரிரு ஆண் குட்டிகளை ஒதுக்கி வைத்தல் வேண்டும். இளங்கிடா ஓராண்டுக்குள் பருவமடைந்தாலும், ஏறத்தாழ ஒன்றரை வயதிலேயே அதனை முறையாகச் சேர்க்கைக்கு விடுதல் நன்று. முதற் பருவத்தில் 15 பெட்டைகளுக்கு மேல் விடுதல் கூடாது. இரண்டாண்டுகளுக்கு ஒருமுறை அயல் மந்தையின் கிடாவுடன் மாற்றிக்கொள்ளுதல் வேண்டும். இவ்வாறு ஒதுக்கப்பட்ட கிடாவுக்கும் இரண்டு மாதக் கணக்கு பொருந்தும்: ஆனியில் சேர்க்கைக்கு விடப்படும் கிடாவுக்குச் சித்திரையிலேயே நிழலும் நீரும் புரதமும் கிடைத்திருத்தல் வேண்டும்.